நிற்கும்போது தீனி கேட்காத வண்டி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி. மூன்று சிலிண்டர், 36 குதிரைத்திறன். சிவப்பு பெயின்ட் போன இடமெல்லாம் துரு. "இரும்புக் கடைக்குப் போட்டாக்கூட காசு வருமே, எதுக்குங்க இதைக் கட்டி அழறீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உழவுக்கு நான் இதை நம்பி இல்லை. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஓட்ட வாடகை வண்டிதான். எங்களுடையது ஒற்றைக் கிளட்ச். முனையில் திருப்பக் கிளட்சை மிதித்தால், பின்னால் சுற்றிக் கருவியை ஓட்டும் தண்டான பிடிஓவும் கூடவே நின்றுபோகும். அதோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

ஆனால் தினமுமா உழுகிறோம்? எரு அள்ளிப் போட வேண்டும், தென்னை மட்டையை இழுத்து வர வேண்டும், கோடையில் டேங்கரில் தண்ணீர், மழை பெய்தால் சேற்றில் மாட்டிய பால் வண்டி. எல்லாம் அரை மணி, முக்கால் மணி வேலை. இதற்கு வாடகை வண்டிக்காரரைக் கூப்பிட்டால் வர மாட்டார். வந்தாலும் ஒரு மணிக்குக் குறைத்து வாங்க மாட்டார். கடனில் புது வண்டி எடுத்தால் அது சாளையில் சும்மா நிற்கிற நாளிலும் தவணை ஓடும். இந்தக் கிழவனுக்கு இன்சூரன்ஸ் கட்டினால் சரி, நிற்கிற நாளில் வேறு செலவு கிடையாது. உழவு மாட்டுக்குக்கூட வேலையில்லாத நாளில் தீனி போட்டாக வேண்டும்.

ரிப்பேர்? வரத்தான் செய்யும். ஒரு தடவை மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது டேங்க் காலியாவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் தப்புதான். டீசல் ஊற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. குழாயில் காற்று புகுந்துவிட்டது. பழைய மெக்கானிக் ஒருவர் வந்தார். ஃபில்டர் மேல் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அமுக்கச் சொன்னார். அது தொளதொளவென்று ஆடியதே தவிர, அமுங்கவே இல்லை. "எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிட்டு அமுக்கு கண்ணு" என்றார். உள்ளே பம்பைத் தள்ளிவிடும் கேம் தூக்கி நின்றால் கைப்பிடி வேலை செய்யாதாம். திருப்பியதும் பிடித்துக்கொண்டது. முதலில் நுரை, அப்புறம் குமிழி, அப்புறம் குமிழியே இல்லாத டீசல். போல்ட்டை முறுக்கி, இன்ஜெக்டர் நட்டுகளையும் தளர்த்திக் காற்றை எடுத்தோம். செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டராக உறுமிப் பிடித்தது. எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பேனரும் ஒரு கந்தல் துணியும்தான்.

பெயரில் உள்ள ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பை வேரில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே வண்டி கவிழும். அவர்தான் கலப்பையை மூன்று முனையில் வண்டியோடு பிணைத்து, ஹைட்ராலிக்கில் ஆழத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பைக் கொண்டுவந்தார். அவருடைய சின்ன டிராக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டித்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்தார். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி மூலமாக அந்த வம்சம் நம் ஊர்க் காடு கழனிக்கும் வந்தது.

கவிழ்கிற ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. தென்னங்கட்டையைப் பிடுங்கும்போது சங்கிலியைப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் கட்ட வேண்டும். வசதியாக இருக்கிறதே என்று மேலே, கலப்பையைப் பிணைக்கும் மேல் கம்பியான டாப் லிங்க் பக்கம் கட்டினால், ஃபெர்குசனாலும் காப்பாற்ற முடியாது. எங்கள் வண்டியில் ஆளைக் காக்கும் கம்பிக் கூண்டும் இல்லை. பிடிஓ ஓடும்போது வேட்டி, துண்டோடு பின்பக்கம் யாரையும் விடுவதில்லை. சாலையில் ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவேன். வயலில் ஒரு பக்கம் மட்டும் மிதித்துத் திருப்பிப் பழகிய கால், ரோட்டில் அதையே செய்தால் வண்டி சுண்டி இழுத்துப் பள்ளத்தில் போய்விடும்.

இரவில் அதைக் களத்து மேட்டில், சரிவு பார்த்து, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்து நிறுத்துவது அப்பா காலத்து வழக்கம். நாளைக் காலையில் எரு ஏற்ற வேண்டும். செல்ஃப் எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் ஏறி உட்கார்ந்துகொண்டு, கல்லை எடுக்கச் சொல்லிப் பையனுக்குக் குரல் கொடுப்பேன்.

வணக்கம்.