390 ரூபாய் பில்லுக்கு எத்தனை மைல்?

(திரையில்: மேசைமேல் நான்கு மளிகைக் கடை பில்கள்)

ஒரே கடையில், ஒரே மாதத்தில் போட்ட பில்கள் இவை. ஒவ்வொன்றும் 390 ரூபாய். கையில் இருக்கும் கிரெடிட் கார்டு 200 ரூபாய்க்கு 2 மைல், அதாவது சேர்த்துவைத்து விமான டிக்கெட் வாங்கக்கூடிய புள்ளி, தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,560 ரூபாய். பதினைந்து மைலாவது வரும் என்று மனம் கணக்குப் போடும். வருவது 8. பல கார்டுகளில் 200 நிறைந்தால்தான் கணக்கு. ஒவ்வொரு பில்லிலும் மீதி 190 ரூபாய்க்கு எதுவும் கிடையாது. அதே சாமான்களை ஒரே பில்லாகப் போட்டிருந்தால் 14 மைல் வந்திருக்கும்.

இந்த மைலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடமிருந்து ஒரு சிறு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அதில் தனக்கு வரும் பங்கிலிருந்து வங்கி, விமான நிறுவனத்திடம் மைல்களை விலைக்கு வாங்கி நமக்குத் தருகிறது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது மைல் என்பது உண்மையிலேயே பறந்த தூரம். 1987-இல் சிட்டிபேங்குடன் சேர்ந்து கார்டு வந்தது. அதன்பின் வீட்டுச் செலவிலும் மைல் சேர்ந்தது.

(திரையில்: 5411, 5812, 5541)

கார்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் இப்படி நான்கு இலக்க எண் உண்டு. 5411 மளிகை, 5812 உணவகம், 5541 பெட்ரோல் பங்க். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது பொதுவாக வங்கிக்குத் தெரியாது. எந்த வகைக் கடை, அதற்கு மைல் உண்டா என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கும். இந்தியாவில் பல கார்டுகள் பெட்ரோலுக்கும் வாடகைக்கும் மைல் தருவதில்லை. கார்டின் விதிமுறையில் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மாதம் 30,000 ரூபாய் செலவு செய்தால் இந்தக் கார்டில் அதிகபட்சம் 300 மைல். ஒரு மைலை ஒரு ரூபாய் என்று மதித்தாலும் 300 ரூபாய்தான். அந்த 30,000-த்தைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால், 3.5 சதவீத வட்டியில் 1,050 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 189. ஆக 1,239 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’யைக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்களிடமும் மீதிக்கு இந்த வட்டி வாங்கப்படும். முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடியாதவர்கள் மைலை மறந்துவிடுங்கள். உங்கள் பணம் கரைவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கார்டில் புள்ளிகளாகச் சேர்ந்திருக்கும் மைல்களை உடனே விமான நிறுவனக் கணக்குக்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றியதைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகின்றன. டிக்கெட்டுக்குத் தேவையான மைல்களை நிறுவனங்கள் உயர்த்துவதும் உண்டு. எனவே முதலில் போகும் தேதியில் மைல் கொடுத்து வாங்கக்கூடிய இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மைல் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கும் வரியைப் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

(திரையில்: ஒரு கார்டும் ஒரு பாஸ்போர்ட்டும் பக்கம் பக்கமாக)

நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். கார்டில் ‘ரா. செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி ராமசாமி’. விமான நிறுவனக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே தொடங்குங்கள். வங்கியில் இருக்கும் பெயரையும் அதற்கேற்ப இப்போதே மாற்றச் சொல்லுங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் மைல் மாற்றம் நின்றுபோகலாம்; அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் நீங்கள் பார்த்துவைத்த இருக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும்.