டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறப்போ பிசிவி 55 வந்தா என்ன செய்யணும்?

அடுத்த கேள்வி. "எனக்கு 46 வயசு. டெஸ்டோஸ்டிரோன் குறைவா இருக்குன்னு எட்டு மாசமா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 250 மில்லிகிராம் எனந்தேட் ஊசி போட்டுக்கிறேன். இப்போ ஹீமோகுளோபின் 18.4, பிசிவி 55. மாசாமாசம் ரத்தம் கொடுத்துட்டு ஊசியைத் தொடரலாம்னு சொல்றாங்க, சரிதானா டாக்டர்?"

பிசிவின்னா ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம் இருக்குங்கிற அளவு. மாசாமாசம் ரத்தம் கொடுக்க வேண்டாம்ங்க. முதல்ல, அடுத்த ஊசியைப் போடாம நிறுத்தி வைங்க. 2018-ல வந்த எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் டாக்டர்களோட அமைப்பு) வழிகாட்டுதல் பிசிவி 54-ஐத் தாண்டினா சிகிச்சையை நிறுத்தி, காரணத்தைப் பார்த்து, இறங்கின பிறகு குறைஞ்ச அளவுல தொடங்கச் சொல்லுது. ரத்தம் கெட்டியானா ரத்தக்கட்டி உருவாகிற வாய்ப்பு கூடும்ங்கிற கவலைதான் காரணம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

இந்த அறிகுறி எதுவும் இல்லைன்னா, ஒரு வாரத்துக்குள்ள அதே லேப்ல சிபிசி (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) திரும்ப எடுங்க. நிறைய பேர் ராத்திரியிலிருந்து சொட்டுத் தண்ணிகூட குடிக்காம காலையில போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கிறாங்க. உடம்புல நீர் குறைஞ்சாலே பிசிவி ஒண்ணு ரெண்டு புள்ளி கூடித் தெரியும். சிபிசிக்கு வெறும் வயிறு தேவையே இல்ல. முந்தின நாள் நல்லா தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கூடவே ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டுற அளவு) பாருங்க.

திரும்பவும் 54-க்கு மேலன்னா, ஊசியோட வேற எது சேர்ந்திருக்குன்னு தேடணும். சிகரெட் ஒண்ணு. சத்தமா குறட்டை, பகல்ல தூக்கம் தூக்கமா வர்றது இருந்தா ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்துல மூச்சு தடைபடுதான்னு பார்க்கிற டெஸ்ட். இன்னொண்ணை நம்ம ஊர்ல அடிக்கடி கவனிக்காம விட்டுடுறாங்க: சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுறீங்களா? அந்த மாத்திரைகள் தனியாவே பிசிவியை ஏத்தும், டெஸ்டோஸ்டிரோனோட சேர்ந்தா இன்னும் ஏறும். நீங்களா நிறுத்திடாதீங்க, ஆனா ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து கூடியிருந்தா, இல்ல ஊசியை நிறுத்தியும் மாசக்கணக்குல இறங்கலன்னா, எரித்ரோபாய்ட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுற ஹார்மோன்), ஜாக்2 (மரபணு மாற்றம்) பரிசோதனை வேணும். அது எலும்பு மஜ்ஜை நோயா இருக்கலாம்.

ஊசி ஏன் இப்படிப் பண்ணுது? டெஸ்டோஸ்டிரோன் கல்லீரல் சுரக்கிற ஹெப்சிடினைக் குறைக்கும். ஹெப்சிடின் குறைஞ்சா குடல்லேர்ந்து இரும்புச்சத்து தடையில்லாம உள்ள வரும். எரித்ரோபாய்ட்டினும் கூடும், மஜ்ஜை சிவப்பணுவை அதிகமா தயாரிக்கும். 250 மில்லிகிராமை ஒரே தடவையா போட்டா முதல் சில நாள் அளவு ரொம்ப மேல ஏறும், ரெண்டாவது வாரக் கடைசியில கீழ விழும். அந்த உச்சம்தான் மஜ்ஜையைத் தூண்டுது. அதனாலதான் இந்தப் பிரச்சினை ஜெல்லைவிட ஊசியில அதிகம்.

இப்போ ரத்தம் எடுக்கிற விஷயத்துக்கு வரேன், இங்கதான் ரொம்பப் பேர் மாட்டிக்கிறாங்க. 450 மில்லி எடுத்தா பிசிவி சுமாரா 3 புள்ளி இறங்கும், உண்மைதான். ஆனா அதோட 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பும் போயிடும். ஆம்பளைங்களோட சேமிப்பே 1 கிராம் பக்கம்தான். சாப்பாட்டுலேர்ந்து ஒரு நாளைக்கு உடம்பு எடுத்துக்கிறது 1, 2 மில்லிகிராம். நாலஞ்சு தடவை எடுத்தா சேமிப்பு காலி. அப்போ ஹீமோகுளோபின் நல்லாவே இருக்கும், ஆனா ஃபெரிட்டின் அடியில கிடக்கும், எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) குறையும், அசதி, முடி கொட்டறது, ராத்திரி கால் குடைச்சல்னு வரும். அந்த அசதியைப் பார்த்து டெஸ்டோஸ்டிரோன் பத்தலன்னு நினைச்சு டோஸை ஏத்திடுவாங்க. இல்லன்னா இரும்பு மாத்திரை போடுவாங்க, பிசிவி மறுபடி ஏறும். டோஸைத் தொடாம ரத்தத்தை மட்டும் எடுத்துட்டே இருந்தா இந்தச் சுத்து நிக்கவே நிக்காது. அறிகுறி இருக்கிறவங்களுக்கு, ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு, சீக்கிரம் இறக்கணும்னு டாக்டர் ஒரு தடவை எடுக்கச் சொல்லலாம், அது வேற. இங்க ரத்த தானத்துக்கு ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி வேணும். ரத்த வங்கியில ஹார்மோன் ஊசி போடுறதையும் மறைக்காதீங்க. ஆஸ்பிரின் பிசிவியைக் குறைக்காது, சும்மா ஆரம்பிக்காதீங்க.

சிவப்பணுவோட ஆயுசு 120 நாள். அதனால நிறுத்தின மறுவாரமே இறங்கலன்னு பதறாதீங்க, ரெண்டு மூணு மாசம் ஆகலாம். 50-க்குக் கீழ வந்ததும் டாக்டரோட பேசி மொத்த அளவைக் குறைங்க, பிரிச்சும் போடுங்க. உதாரணமா வாரத்துக்கு 75லேர்ந்து 100 மில்லிகிராம். வெறுமனே 250-ஐ ரெண்டா பிரிச்சு வாரம் 125 போட்டா உச்சம் குறையும், மொத்தம் அப்படியேதான் இருக்கும். உடைச்ச ஆம்பியூல்ல மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கவே கூடாது, சீழ் கட்டும். ஊசி ஒத்துவரலன்னா ஜெல்லுக்கு மாறலாம். ரெண்டு ஊசிக்கு நடுவுல எடுக்கிற டெஸ்டோஸ்டிரோன் 350லேர்ந்து 600 நானோகிராம்/டெசிலிட்டருக்குள்ள இருந்தா போதும், அதுக்கு மேல துரத்த வேண்டாம். மறுபடி தொடங்கினா மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் பிசிவி பாருங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. டோஸ் மாத்தினா அந்தக் கணக்கை முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.