நீந்தும் காருக்கு உதிரிபாகம்: பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் எனக்கு நெடுநாளாகவே ஒரு பித்து உண்டு. அதிலும் ஒரு வண்டியின் மீது தனிப் பிரியம். சாலையில் காராக ஓடும். அப்படியே ஏரிக்குள் இறக்கினால் படகாகப் போகும். ஆம்பிகார் என்று பெயர். அந்த வண்டியின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இருந்து குலுக்கலைத் தாங்கும் பாகங்களை, கட்டுப்படியாகும் செலவில் எப்படிப் புதுப்பிப்பது என்றுதான் இன்று பேசப் போகிறேன். உங்களிடம் ஆம்பிகார் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஏதாவது ஒரு பழைய வண்டி நின்றாலும் இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு ஜெர்மனியில் ஹான்ஸ் டிரிப்பல் என்பவர் வடிவமைத்தார். குவாண்ட் குழுமம் தயாரித்தது. 1961இல் நியூயார்க் மோட்டார் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டினார்கள். மொத்தம் 3,878 வண்டிகள்தான் செய்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. மாடலின் பெயர் 770. தண்ணீரில் மணிக்கு 7 மைல், சாலையில் 70 மைல் என்பது அதன் பொருள். பின்பக்கத்தில் டிரையம்ப் ஹெரால்டு காரின் 1147 சிசி எஞ்சின். அதற்கும் பின்னால், வண்டிக்கு அடியில், இரண்டு புரொப்பல்லர்கள். தனியாகச் சுக்கான் கிடையாது. முன் சக்கரங்களைத் திருப்பினால் அவையே சுக்கானாக வேலை செய்யும்.

மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்காக இன்று எந்தத் தொழிற்சாலையும் தனியாக ஸ்பிரிங் செய்து அடுக்கி வைக்காது. எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை. ஹெரால்டு காரை விரும்புகிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் அதன் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் சஸ்பென்ஷன் ஹெரால்டினுடையது அன்று. ஹெரால்டின் பின்பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். ஆம்பிகாரிலோ நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங், கூடவே குலுக்கலைத் தணிக்கும் குழாய் வடிவ ஷாக் அப்சார்பர். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘ஆம்பிகாருக்கு ஸ்பிரிங் இருக்கிறதா’ என்று வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். கிடைத்தாலும் அரிய பொருளுக்கான விலையைக் கேட்பார்கள். பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள். நான் இன்று சொல்ல வந்தது இதுதான், திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காரில் சக்கரம் எப்போதும் பாரம் சுமந்துகொண்டே இருக்கும். இந்த வண்டி மிதக்கத் தொடங்கியதும் ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. சக்கரங்கள் தொங்கிவிடும். ஸ்பிரிங் முழுவதுமாக நீண்டுவிடும். ஏரியில் இருக்கும் நேரமெல்லாம் அதே நிலைதான். பிறகு கரையேற வேண்டும். புரொப்பல்லர் சுழன்றுகொண்டிருக்கும்போதே முதல் கியரையும் போட்டு, பின் சக்கரங்களையும் சுழலவிட்டபடி சரிவில் ஏறுவார்கள். தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் தரையைத் தொடுகிறது, அந்த நொடியே பாரமும் வருகிறது, எஞ்சினின் இழுப்பும் வருகிறது. மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறையான புஷ், சக்கரம் உரசாமல் சுழலத் தாங்கும் பேரிங், ஸ்பிரிங் அமரும் இடம் எல்லாமே அந்த ஓரிரு நொடிகளில் படும் பாடு, நல்ல சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் படாத பாடு.

இன்னொரு துன்பம் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கதை வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை.

அமெரிக்காவின் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனிடம் ஒரு நீலநிற ஆம்பிகார் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் அவருக்குப் பெரிய பண்ணை. உள்ளேயே நீர்நிலையும் உண்டு. பண்ணைக்கு வரும் விருந்தினரை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போல அழைத்துப் போவார். இது என்ன வண்டி என்று வந்தவருக்குத் தெரியாது. பார்க்கச் சாதாரணத் திறந்த கார் மாதிரிதான் இருக்கும். மேட்டிலிருந்து சரிவில் இறங்கும்போது, எதிரே தண்ணீர் தெரியும் நேரம் பார்த்து, ‘ஐயோ, பிரேக் பிடிக்கவில்லை, தண்ணீருக்குள் போகப் போகிறோம்’ என்று அதிபர் கூச்சல் போடுவார். அவருடைய உதவியாளராக இருந்த ஜோசப் கலிஃபானோ இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். வண்டி தண்ணீரில் விழப்போகிறது என்று நம்பி அவர் வெளியே தாவப் பார்க்க, வண்டியோ பாட்டுக்கு மிதந்து போனது. அதிபருக்கு ஒரே சிரிப்பு. ‘இவர் அதிபரைக் காப்பாற்ற நினைக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தார்’ என்று பிறகும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாராம். அந்த வண்டியை இன்றும் அதே பண்ணையில், தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில், மக்கள் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அந்த நான்கு ஹப்புகள்தான் கண்முன் நிற்கும். யோசித்துப் பாருங்கள். வண்டி ஓடி வந்திருக்கிறது. சரிவில் பிரேக் பிடித்திருக்கிறார்கள். பிரேக் டிரம் சூடாக இருக்கிறது, பக்கத்தில் உள்ள ஹப்பும் சூடு, அதற்குள் அடைபட்ட காற்றும் சூடு. அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுடச்சுடத் தண்ணீர் ஊற்றி மூடிய பிளாஸ்டிக் பாட்டில் ஆறியதும் உள்வாங்கிக்கொள்கிறதே, அதே விஷயம்தான். ஹப்பின் இரும்பு உள்வாங்காது. அதனால் கிரீஸ் வெளியே போகாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டோரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால் போல வெளுத்திருக்கும். அப்படி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், பேரிங்கின் ஆயுள் எண்ணப்படுகிறது என்றும் அர்த்தம்.

ஆகவே என் முதல் யோசனைக்குக் காசே வேண்டாம். தண்ணீரில் இறக்குவதற்கு முன் கரையில் சற்று நேரம் வண்டியை நிறுத்தி ஹப்பை ஆறவிடுங்கள். கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. படகுகளை டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்களுக்காகவே ஹப்பின் மூடிக்குப் பதிலாக மாட்டும், சின்ன ஸ்பிரிங் வைத்த ஒரு கிரீஸ் மூடி விற்கிறார்கள். உள்ளே கிரீஸை எப்போதும் லேசாக அழுத்தியபடியே இருக்கும், தண்ணீர் நுழைய இடமிராது. வாகனக் கடையில் கிடைக்காத பல பொருள் படகு டிரெய்லர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேரிங்குக்கு வருவோம். நான் அதிகம் ஆசைப்பட்டுப் பேசும் இடம் இது. பேரிங்கின் முகத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். துருவைத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். உதாரணத்துக்கு 6205 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 05. அதை ஐந்தால் பெருக்குங்கள், 25. உள்துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். 06 என்றால் 30, 08 என்றால் 40. கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் இந்தக் கணக்கு சரியாக வரும். 30205 என்று ஐந்து இலக்கம் இருந்தால் அது கூம்பு உருளை வகை, அதற்கும் உள்துளை 25தான். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6205 என்றால் அளவு ஒன்றுதான். உங்கள் ஆம்பிகாரின் ஹப்பில் இருக்கும் பேரிங்கில் தெளிவாக எண் கிடைத்துவிட்டால், அதே எண்ணுள்ள பேரிங் இன்று ஏதோ ஒரு தண்ணீர் பம்பிலோ டிராக்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் போய் ஆம்பிகார் என்று சொன்னால் அவர் விழிப்பார். எண்ணைச் சொன்னால் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார். பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்.

ஆயில் சீலுக்கும் இதே வழிதான். மூன்று எண்கள் இருக்கும். 40, 62, 10 என்றால் தண்டின் விட்டம் 40, வெளிவிட்டம் 62, தடிமன் 10 மில்லிமீட்டர். இங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை. மலிவிலேயே மலிவானதை எடுக்காதீர்கள். சீலின் உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு வளைய ஸ்பிரிங் இருக்கும். சாதாரண இரும்பு என்றால் தண்ணீரில் அது துருப்பிடித்து அறுந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங்கும் இரட்டை உதடும் உள்ள சீலாகக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம். சீல் உரசும் இடத்தில் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் தண்டையே மாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பள்ளத்தின் மேல் மாட்டும் மெல்லிய எஃகு உறை விற்கிறார்கள். அரிய தண்டைத் தேடி அலைவதை அது மிச்சம் பண்ணும்.

கிரீஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஓட்டிய பிறகு இந்த வண்டியில் 13 இடங்களில் கிரீஸ் அடிக்க வேண்டும், அதில் ஓர் இடத்துக்குப் பின் இருக்கையையே கழற்ற வேண்டும். சலித்துக்கொண்டு அந்த ஓர் இடத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். புதுக் கிரீஸ் உள்ளே போகும்போது தண்ணீர் கலந்த பழைய கிரீஸ் வெளியே வருகிறது. சஸ்பென்ஷனுக்குச் செய்யும் செலவிலேயே மிகக் குறைந்த செலவு இது.

இனி ஸ்பிரிங். ஸ்பிரிங் மெலிந்துவிட்டது, வண்டி ஒரு பக்கம் சாய்கிறது என்றால் ஸ்பிரிங் செய்யும் பட்டறையில் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார்கள். ஒரு ஜோடிக்கும் சுற்றுவார்கள். நீங்கள் நான்கு அளவுகளைக் கொடுக்க வேண்டும். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, பாரம் இல்லாதபோது உள்ள நீளம். இந்த நான்கில் கம்பியின் தடிமனில் கொஞ்சமும் அசட்டை கூடாது. தடிமன் சற்று மாறினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு எக்கச்சக்கமாக மாறும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்காகப் போகிறது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விறைப்போ ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். அரை மில்லிமீட்டர் துருவில் கரைந்து 11.5 ஆகிவிட்டால் 16 சதவீதம் குறைந்துவிடும். அதனால் துருவின் மேல் அளக்காதீர்கள். மேலும் கீழும் தட்டில் அமரும் சுற்றின் உள்பக்கத்தில் பெயிண்ட் ஒட்டி இருக்கும் இடமாகப் பார்த்து, அதைச் சுரண்டிவிட்டு வெர்னியர் என்னும் நுண்ணளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். அங்கேதான் கம்பியின் பழைய தடிமன் மிஞ்சியிருக்கும். இடது வலது இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள்.

தண்ணீரில் போகிற வண்டி, ஸ்பிரிங்குக்குத் துத்தநாக முலாம் பூசிவிடலாமே என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பூசினார். பார்க்கப் பளபளவென்று அழகாக இருந்தது. ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒரு ஸ்பிரிங் குறுக்காக முறிந்தது. காரணம் ஹைட்ரஜன். அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும், கடினமான எஃகை நொறுங்கும் பொருளாக்கிவிடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் அடுப்பில் 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அவர் கொடுத்த இடத்தில் அதைச் செய்யவில்லை. ஸ்பிரிங்குக்கு நல்ல பவுடர் கோட்டிங் போதும். பூச்சு உரிந்த இடத்தை உடனே சரிசெய்துகொண்டே இருங்கள். துருப்பள்ளம் விழுந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

நேரம் முடிகிறது என்று நிலையத்து நண்பர் சைகை காட்டுகிறார். ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் பாக்கி இருக்கின்றன, வேகமாகச் சொல்கிறேன்.

ஷாக் அப்சார்பருக்கு மூன்று அளவு முக்கியம். முழுக்க நீட்டிய நீளம், முழுக்க அமுக்கிய நீளம், இரு முனைகளும் மாட்டும் விதம். தயாரிப்பாளர்களின் பட்டியலில் இந்த அளவுகளை வைத்தே தேடலாம். நீட்டிய நீளம் பழையதைவிட அதிகமாக இருந்தால், வண்டி மிதக்கும்போது சக்கரம் தேவைக்கு மேல் தொங்கி மற்ற மூட்டுகளை இழுக்கும். அது கூடவே கூடாது.

புஷ்ஷுக்கு, பழைய ரப்பரின் அளவைக் கொடுத்தால் லேத்தில் பாலியூரித்தேனைக் கடைந்து கொடுப்பார்கள். மிகவும் கெட்டியானதைக் கேட்காதீர்கள், அதிர்ச்சி முழுவதும் வண்டியின் தகட்டுக்குப் போகும், தகட்டில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே வரும். இயற்கை ரப்பர் என்றால் சாதாரண கிரீஸ் படக் கூடாது, உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ் போடுங்கள்.

கடைசியாகப் போல்ட். துருப்பிடிக்காத போல்ட்டை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். சஸ்பென்ஷனில் வேண்டாம். பழைய போல்ட்டின் தலையில் 10.9 என்று இருந்தால் அது ஆயிரம் மெகாபாஸ்கல் அளவு இழுவிசையைத் தாங்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும், அது 700தான். தலையில் உள்ள எண்ணைப் படித்து, அதே எண்ணுள்ளதையே வாங்கிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.