வெள்ளி ஒட்டிச்சா, ஒட்டின மாதிரி நடிக்குதா?

பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு கேக்குதா? சரி, ஆரம்பிக்கலாம். சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கிற பொருள், அதுல பண்ணின குட்டி உருண்டை மேல வெள்ளி நானோ துகள் வளக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, வளந்தது நெசமா உருண்டை மேல தான் இருக்குன்னு காட்டுறது தான் தலைவலி.

உருண்டைக்கு 1968ல ஸ்டோபர், ஃபிங்க், போன் மூணு பேரும் எழுதின வழி தான் இன்னைக்கும். எத்தனால், தண்ணி, அமோனியா, அதுல டிஇஓஎஸ்ங்கிற, சிலிக்காவா மாறுற திரவத்தை ஊத்தி கலக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல நீராகாரம் மாதிரி வெளுக்கும். அந்த உருண்டைக்கு மேல நெகட்டிவ் சார்ஜ், சில்வர் நைட்ரேட்டுல இருந்து வர்ற வெள்ளி அயனி பாசிட்டிவ், ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் போரோஹைட்ரைடு போட்டு ரிடியூஸ் பண்ணா, அதாவது அயனியை வெள்ளி உலோகமா மாத்தினா, மஞ்சளா மாறும். ஃபிளாஸ்க்கை மட்டும் டிஸ்டில்டு வாட்டர்ல அலசுங்க, நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா குழாத்தண்ணில அலசிட்டு சில்வர் நைட்ரேட் ஊத்தினேன், சிலிக்கா போடறதுக்கு முன்னாடியே வெள்ளையா கலங்கிடுச்சு, தண்ணில இருந்த குளோரைடு வேலை.

மஞ்சளாச்சு, யூவில, அதான் எந்த ஒளியை உறிஞ்சுதுன்னு அளக்கிற மெஷின்ல, 400 நானோமீட்டர் பக்கம் பீக் வந்துச்சு, எல்லாரும் டீ குடிக்க கிளம்பிடுவாங்க. ஆனா சும்மா தண்ணில மிதக்கிற வெள்ளியும் அதே இடத்துல தான் பீக் குடுக்கும்! எக்ஸ்ரே விட்டு படிக அமைப்பு பாக்குற எக்ஸ்ஆர்டியும் அப்படித்தான், 22 டிகிரி பக்கம் சிலிக்காவோட மொத்தையான மேடு, 38.1ல வெள்ளியோட கூர்மையான பீக், வெள்ளி இருக்குன்னு சொல்லும், எங்க இருக்குன்னு சொல்லாது. டெம்ல, அதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல, பாக்கலாமேன்னு கேப்பீங்க. அங்க இன்னொரு கூத்து, கிரிட்ங்கிற சாம்பிள் வைக்கிற குட்டி வலை மேல ஒரு சொட்டு விட்டு காயவைக்கிறப்போ மிதந்துட்டிருந்ததும் இறங்கி உருண்டை மேல உக்காந்துக்கும், படம் சாம்பல் கலர் உருண்டை மேல கருப்பு புள்ளியா அவ்ளோ அழகா இருக்கும்.

அதனால முதல்ல சென்ட்ரிஃபியூஜ், அதான் வேகமா சுத்தி கனமானதை அடில இறக்குற மெஷின். 300 நானோமீட்டர் உருண்டை சில ஆயிரம் ஆர்பிஎம்லயே அடில படிஞ்சிடும், 10 நானோமீட்டர் வெள்ளி தனியா இருந்தா மேலயே நிக்கும். மேல் தண்ணி மஞ்சளா இருந்தா உங்க வெள்ளி ஒட்டலைன்னு அர்த்தம். அப்போ ஏபிடிஇஎஸ்ங்கிற கெமிக்கல் போட்டு உருண்டை மேல வெள்ளியை பிடிச்சுக்கிற அமீன் குரூப் கட்டிட்டு மறுபடி பாருங்க. தெளிவா இருந்தாலும் விடாதீங்க, கழுவி, திரும்ப கலக்கி, இன்னொரு தடவை சுத்துங்க, அப்புறமா டெம்முக்கு குடுங்க.

ஆங், ஒண்ணு மறந்துட்டேன். அமோனியாவும் சில்வர் நைட்ரேட்டும் கலந்தது மிச்சம் இருந்தா நாளைக்கு ஆகும்னு மூடி வைக்காதீங்க, நாளாச்சுன்னா வெடிக்கிற கருப்பு படிவு வரும். அன்னைக்கே ஆசிட் விட்டு வேஸ்ட் பாட்டில்ல ஊத்திட்டு தான் லேபை பூட்டணும். கேள்வி இருந்தா கேளுங்க.