தேக்கம்பட்டிப் பாட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு யானைகள்தான் நினைவுக்கு வரும். கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் பல ஆண்டுகள் அங்கேதான், பவானி ஆற்றங்கரையில் நடந்தது. காரமடைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊர் என்றால் பாப்பம்மாள் பாட்டிதான்.

2021 ஜனவரியில் பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் வந்தது. இயற்கை விவசாயி, வயது 105. அந்த வயதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பாட்டி வேப்பங்குச்சியில் பல் துலக்குவார், வெந்நீர் குடிப்பார், தட்டில் உண்ணாமல் இலையில் உண்பார், ஆட்டுக்கறி பிரியாணி என்றால் அவருக்குப் பிரியம் என்றெல்லாம் படித்தோம். படிக்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த நூறு வயதுக்குள் இருந்த உழைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர் அவர். சகோதரிகளோடு தேக்கம்பட்டியில் தன் பாட்டியிடம் வளர்ந்தார். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. பல்லாங்குழி போன்ற விளையாட்டுகளில்தான் கணக்குப் பழகினார். அந்தப் பாட்டி நடத்திய கடை பிறகு இவர் கைக்கு வந்தது. மளிகையோடு ஓர் உணவுக்கடையும் நடத்தினார். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எளிதாகச் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது கிராமத்துக் கடையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மாவைப் பெற்ற என் அமுச்சியும் கடை வைத்திருந்தார். கருப்பட்டி, புகையிலை, மண்ணெண்ணெய், மிளகாய் எல்லாம் கலந்த ஒரு வாசனை அந்தக் கடைக்கு உண்டு. வருகிறவர்களில் பாதிப்பேர் காசு கொண்டுவர மாட்டார்கள். "வெள்ளாமை எடுத்ததும் தருகிறேன் அம்மிணி" என்பார்கள். மழை பொய்த்தால் வெள்ளாமையும் இல்லை, காசும் இல்லை. அதற்காகப் பசியோடு நிற்கிற வீட்டுக்கு அரிசி இல்லை என்று சொல்ல முடியுமா? அமுச்சி சொன்னதில்லை. ராத்திரி விளக்கடியில் கல்லாப்பெட்டியைக் கவிழ்த்து, ஓட்டைக் காலணாவைத் தனியே ஒதுக்கி எண்ணுவார். சில நாட்களில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அப்படிப்பட்ட காசிலிருந்து ஒரு பெண் பத்து ஏக்கர் வாங்கினார் என்றால், எத்தனை ஆண்டுகள் எத்தனை ஆசைகளை அடக்கியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நான்கு காசு சேர்ந்தால் பவுன் வாங்குவதுதான் அன்றைய வழக்கம். அவர் வெள்ளாமைக் காடு வாங்கினார்.

வாங்கியதோடு நிற்கவில்லை, இறங்கிப் பாடுபட்டார். சோளம், பயறு வகைகள், காய்கறி, வாழை என்று வைத்தார். நம் பகுதியில் வாழை வைத்தவர்களைக் கேளுங்கள். குழந்தையைப் போலப் பார்க்கவேண்டிய பயிர் அது. பக்கக் கன்றை அவ்வப்போது அறுக்கவேண்டும், மண் அணைக்கவேண்டும், தார் தள்ளியதும் முட்டுக் கொடுக்கவேண்டும். இத்தனையும் செய்த பிறகு ஒரே ஒரு நாள் சூறைக்காற்றில் தோப்பு முழுவதும் சாய்ந்து கிடக்கும். மலையோரத்து ஊர்களில் யானைக்கும் பன்றிக்கும் வேறு காவல் இருக்கவேண்டும். பிற்காலத்தில் பாட்டி நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். இரண்டரை ஏக்கரை மட்டும் விடவில்லை. நூறு வயதைக் கடந்தும் அந்த மண்ணில் வேலை செய்தார்.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். 1959-இல் அவர் தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை அரசியல் சட்டம் உறுதி செய்தது 1993-இல்தான். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளிக்கூடமே போகாத ஒரு கடைக்காரப் பெண்மணிக்கு ஊர் வாக்களித்திருக்கிறது. தேக்கம்பட்டியை நினைத்து நான் பெருமைப்படும் இடம் இது. பிறகு காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உழவர் விவாதக் குழுவிலும் அவருக்கு நெடுநாள் தொடர்பு இருந்தது. அந்தக் குழுக்களைப் பற்றி மூத்த நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேளாண் விஞ்ஞானியும் உழவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய இடம் அது. விஞ்ஞானி சொல்வதைக் கேட்டுவிட்டு, "எங்கள் காட்டில் அப்படி வரவில்லையே" என்று உழவர் சொல்லலாம். அந்தச் சபையில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

மரியாதை அவரை எல்லாத் திசையிலிருந்தும் தேடி வந்தது. அவர் திமுகவின் மூத்த உறுப்பினராக இருந்தவர். அந்தக் கட்சி 2024-இல் அவருக்குப் பெரியார் விருதை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம், டில்லியில் நடந்த சிறுதானிய மாநாட்டு மேடையில் பிரதமர் மோடி அவர் முன்னே குனிந்து வாழ்த்துப் பெற்றார். அரசியலில் எதிரெதிர் அணியில் நிற்பவர்கள் ஓர் உழவர் பெண்ணின் முன்னே ஒன்றுபோல் வணங்கியதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, பாட்டி காலமானார். புரட்டாசி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் மானாவாரிக் காடுகளில் அது கொள்ளு விதைக்கும் பட்டம். செய்தி கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது, தேக்கம்பட்டியில் இந்நேரம் ஈரம் எப்படி இருக்கிறதோ என்பதுதான். பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

வணக்கம்.