கேட்காமல் மாறிய குடியுரிமை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் ஓசாகா நகரத்தில் இகுனோ என்று ஒரு பகுதி இருக்கிறது. ட்சுருஹாஷி நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கினாலே இறைச்சி சுடுகிற புகை மூக்கில் ஏறும். கொஞ்சம் நடந்தால் கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய்க் கடைகள். மூன்று நான்கு தலைமுறையாகக் கொரியர்கள் நெருக்கமாக வாழும் இடம் அது. பலருக்குப் பூர்வீகம் கொரியாவின் ஜேஜு தீவு. வேலைக்காக அந்த இடத்துக்குப் போன நான், 2001 முதல் எட்டு ஆண்டுகள் ஒரு கிம்ச்சிக் கடையின் மாடியில் குடியிருந்தேன்.

கடை ஒரு பாட்டியுடையது. பேரப்பிள்ளைகள் அவரை ‘ஹல்மோனி’ என்று கூப்பிடுவார்கள். கொரிய மொழியில் பாட்டி என்று அர்த்தம். கொரியப் பாட்டி என்றே நானும் நினைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் பிறப்பால் ஜப்பானியர். ஜப்பானியத் தாய்க்கும் தகப்பனுக்கும் 1924இல் பிறந்தவர். ஆனால் பையில் இருந்ததோ வெளிநாட்டவர் பதிவு அட்டை.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கொரியர்கள் அத்தனை பேரும் ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள் ஆனார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ஆனால் குடும்பப் பதிவேடு மட்டும் தனித்தனி. நம்மூர் ரேஷன் கார்டு மாதிரி ஒரு ஆவணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அதில் ஏறும். ஜப்பானியருக்கு ஒரு பதிவேடு, கொரியருக்கு வேறு பதிவேடு. கல்யாணம் ஆனால் பெண்ணின் பெயர் கணவன் வீட்டுப் பதிவேட்டுக்குப் போய்விடும்.

பாட்டி 1944இல் ஜேஜுவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியைக் கட்டிக்கொண்டார். முறைப்படி பதிவும் செய்தார். பிறந்த வீட்டுப் பதிவேட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, அவர் கண்ணால் பார்த்தே இராத ஒரு தீவின் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. போர்க்காலம், சோற்றுக்கே திண்டாட்டம்.

போர் முடிந்தது. ஜப்பானில் இருந்த ஏறத்தாழ இருபது லட்சம் கொரியர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள். சுமார் ஆறு லட்சம் பேர் தங்கிவிட்டார்கள். கொரியாவின் மீதிருந்த உரிமையை ஜப்பான் விட்டுக்கொடுத்த சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளோடு, கொரியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்றானது. இதற்கென்று நாடாளுமன்றத்தில் சட்டம் எதுவும் போடவில்லை. அரசின் சட்டத் துறை அதிகாரி ஒருவரின் சுற்றறிக்கை, அவ்வளவுதான். இந்தத் தடவையும் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

எந்த ரத்தம், எங்கே பிறந்தாய் என்றுகூடப் பார்க்கவில்லை, நேயர்களே. எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது? அதை மட்டும் பார்த்தார்கள். ஜப்பானியரைக் கட்டிக்கொண்டு அவர் பதிவேட்டுக்குப் போன கொரியப் பெண் ஜப்பானியராகவே நீடித்தார். கொரியரைக் கட்டிய எங்கள் பாட்டி வெளிநாட்டவர் ஆனார். அதே தெருவில் இன்னொரு ஜப்பானியப் பெண், கொரியரோடுதான் குடித்தனம், ஆனால் பதிவு செய்யவில்லை. அவருடைய குடியுரிமையை யாரும் தொடவில்லை. முறையாகப் பதிந்தவர் இழந்தார். பாட்டிக்கு இது ஆறவே இல்லை. “ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனையா?” என்று முட்டைக்கோஸில் உப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்பார். இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடியுரிமை போனது போனதுதான் என்று 1961இல் தீர்ப்பு வந்தது.

அப்புறம் கைரேகை. 1955 முதல் வெளிநாட்டவர் கைரேகை கொடுக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் இடது கை ஆள்காட்டி விரலைக் கறுப்பு மையில் உருட்டி எடுப்பார்கள். பாட்டி அந்த விரலை என்னிடம் நீட்டிக் காட்டியிருக்கிறார். அரிசி கழுவும் தண்ணீரில் மை கலந்துவிடக் கூடாதென்று, அன்று முழுக்க ஒற்றைக் கையால் சமைப்பாராம். “அம்மா, ஏன் விரல் கறுப்பு?” என்று பிள்ளைகள் கேட்டால் கரி என்பாராம். 1980களில் ஆயிரக்கணக்கானவர்கள் கைரேகை தர மறுத்துப் போராடிய பிறகு, 1993இல்தான் இவர்களுக்கு அது நின்றது.

மறுபடி ஜப்பானியக் குடியுரிமை கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நானே ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் உப்புக் கையைத் துடைத்துவிட்டு, “பிள்ளைகள் அந்தப் பக்கம் நிற்க, நான் மட்டும் இந்தப் பக்கம் வருவதா?” என்றார். அன்றைய ஜப்பானியச் சட்டத்தில் தகப்பன் வழியில்தான் குடியுரிமை. அப்பா கொரியர் என்றால் பிள்ளையும் கொரியர்தான். அம்மா யாராக இருந்தாலும் கணக்கில்லை.

ஓய்வூதியமும் இதே கதைதான். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாட்டவருக்கு 1982 வரை இடமில்லை. அதன்பின் விதியைத் திருத்தியபோதும் 1926 ஏப்ரலுக்கு முன் பிறந்த வெளிநாட்டவர்கள் விடுபட்டுப் போனார்கள். பாட்டி 1924. கூடப் பிறந்த தங்கைக்கு ஓய்வூதியம் வந்தது, இவருக்கு இல்லை. அதனால்தான் எண்பது வயதிலும் கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பேரன் கதைக்கு வருகிறேன். 2003இல் அவன் ஒரு ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்தான். பேரனிடம் தென்கொரியக் கடவுச்சீட்டு. ஜப்பானில் 1991 சட்டத்தின்படி அவன் ‘சிறப்பு நிரந்தரக் குடியிருப்பாளர்’. காலனி ஆட்சிக் காலத்திலிருந்து தங்கியவர்களுக்கும் வாரிசுகளுக்கும் உள்ள தகுதி அது. இன்று இவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள், இந்தத் தகுதி கல்யாணத்தால் வராது. தென்கொரியத் தலைநகர் சியோலிலிருந்து பெண்ணெடுத்தால்கூட, அவளுக்குத் தனி விசாதான், அதையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்யாணப் பதிவுக்கு இரண்டு பேரும் நகராட்சிக்குப் போனார்கள். பெண்ணின் பெயரில் புதுப் பதிவேடு திறந்தார்கள். அதில் அவள் மட்டும்தான் உறுப்பினர். என் மாடி அறைக்குக் கொண்டுவந்து காட்டினாள். கணவன் பெயர் எங்கே என்று தேடினேன். இன்னாரை மணந்தார் என்று அவளைப் பற்றிய குறிப்பில் ஒரு வரி. அவ்வளவுதான். வெளிநாட்டவருக்கு அந்தப் பதிவேட்டில் தனி இடம் கிடையாது.

குடும்பப் பெயர்? ஜப்பானியர் இருவர் மணந்தால் ஒரே குடும்பப் பெயர் கட்டாயம். வெளிநாட்டவரை மணந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. கணவனின் பெயர் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். தாண்டினால் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இந்த ஆறு மாதக் கணக்கை நான் பார்க்கிற இளம் ஜோடிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னொரு முறை சொல்கிறேன், ஆறு மாதம். அந்தப் பெண் தன் பெயரையே வைத்துக்கொண்டாள். அது அவளே யோசித்து எடுத்த முடிவு.

2005இல் மகள் பிறந்தாள். அதற்குள் காலம் மாறியிருந்தது. 1985இலிருந்து ஜப்பானில் தாய் வழியிலும் குடியுரிமை உண்டு. தென்கொரியாவிலும் 1998இல் அப்படியே ஆனது. ஆகவே குழந்தைக்குப் பிறக்கும்போதே இரண்டு நாடு. ஜப்பானில் அம்மாவின் குடும்பப் பெயர், கொரியாவில் அப்பாவின் குடும்பப் பெயர். பாட்டி அவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பெயரையும் மாறிமாறிக் கூப்பிடுவார். குழந்தை இரண்டுக்கும் திரும்பும்.

இப்படி இரு குடியுரிமை உள்ளவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது ஜப்பானியச் சட்டம். முன்பு 22 வயதுக்குள், 2022இலிருந்து 20 வயதுக்குள். ஒரு குழந்தையிடம் இப்படிக் கேட்பது சரியா என்று என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. கொள்ளுத்தாத்தாவைக் கேட்கவில்லை, பாட்டியைக் கேட்கவில்லை, பாட்டியின் பிள்ளைகளையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ‘உனக்கு எது வேண்டும்’ என்று சட்டம் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பெண்ணைத்தான். இரண்டையுமே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் இடம் கொடுத்திருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. மகன்களும் ராணுவச் சேவையும் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஒரு வரி மட்டும்: இரு குடியுரிமையுள்ள பையன் கொரியக் குடியுரிமையைக் கைவிடுவதென்றால், 18 வயது நிறையும் ஆண்டின் மார்ச் 31 வரைதான் கெடு. பெற்றோர் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சொத்து விஷயத்தையாவது சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் இறந்தாலும், இறந்தவர் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் பங்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் ஜப்பானியச் சட்டத்தில் மனைவிக்குப் பாதி. கொரியச் சட்டத்தில் ஏழில் மூன்று பங்கு. ஜப்பானில் நிரந்தரமாக வாழும் தென்கொரியர், ஜப்பானியச் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதினால் செல்லும். இறக்கும்வரை அங்கேயே வாழ வேண்டும், அதுதான் நிபந்தனை. பேரனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன முறை பார்த்தபோது அந்த ஒரு வரியை எழுதிவிட்டானா என்று கேட்டேன். எழுதி, கடையில் பாட்டியின் உப்பு ஜாடி இருந்த அலமாரியில் வைத்திருக்கிறானாம்.

நன்றி, வணக்கம்.