கருக்கலைப்பு: சட்டத்தில் ஒன்று, வாட்டில் ஒன்று

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

கருக்கலைப்பு என்றதும் நம் பக்கத்தில் பேச்சு பாவம், புண்ணியம் என்று போய்விடும். அரசாங்கம் இதில் என்ன செய்கிறது என்று கேட்பவர் குறைவு.

இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பிரிவு 303. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருவைக் கலைப்பது குற்றம். 3 வருடம் வரை மறியல், அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிவிட்டால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடக்கம்.

உயிராபத்தை யார் தீர்மானிப்பது, எத்தனை வைத்தியர் கையெழுத்து வைப்பது? அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. வைத்தியர்கள் பின்வாங்குவதில் என்ன புதுமை? மண்டையோடு வளராத சிசு என்று ஸ்கேனில் தெரிந்தாலும், தாய்க்கு உயிராபத்து இல்லையென்றால் அவள் சுமக்கத்தான் வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையோடு உறவுகொண்டால், அவள் சம்மதித்தாலும் வன்புணர்வுதான் என்கிறது அதே சட்டக்கோவை. அதில் தங்கிய கருவுக்கு விலக்கு இல்லை. 1995-இல் இதைத் தளர்த்தும் திருத்தம் பாராளுமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது. 2017-இல் அமைச்சரவை வரை வந்தது, மதத் தலைவர்கள் எதிர்த்ததும் நின்றது. வாக்கெடுத்துத் தோற்கடித்திருந்தாலும் அது ஒரு பதில். கிடப்பில் போட்டால் யாருக்கு என்ன பதில்?

ஆனால் இதே அரசாங்கத்தின் ஆஸ்பத்திரி வாட்டில் கதை வேறு. கரு தானாகக் கலைந்ததோ, கலைத்ததோ, இரத்தப்போக்கோடு வருபவளுக்கு இலவசமாகச் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சை குற்றமில்லை. இது தெரியாமல் வீட்டில் மறைத்துவைக்க, கருப்பையில் மிச்சம் தங்கி, கிருமி ஏறி, இரத்தம் நஞ்சாகிய பிறகுதான் கொண்டுவருகிறார்கள். மணித்தியாலத்துக்கு இரண்டு பேட் நனைந்து, அது இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால் நிற்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், துர்நாற்றமடிக்கும் கசிவு, மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். மண்டூர்ப் பக்கமென்றால் ஆளேற்றும் படகான பாதைக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். என்ன குளிசை, எத்தனை, எப்போது என்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சை பிழையாகிப்போகும்.

அவசரக் கருத்தடைக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. கலைக்கும் என்று நம்பி பார்மசியில் கேட்பவர்கள் இன்னமும் உண்டு.

இன்னொன்று. கரு கலைந்து இரண்டு கிழமைக்குள்ளேயே மறுபடி தங்கலாம். ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு வெளிக்கிடும் முன்பே, கருத்தடைக்கு லூப்போ ஊசியோ வேண்டுமென்று வாட்டிலேயே கேளுங்கள். அங்கே தவறினால், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கிளினிக் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.